சாயப் பட்டை

மேசைமேல் இரண்டு கறுப்புப் பட்டைகள் கிடந்தன. இரண்டும் சுண்டுவிரல் நீளம், பழைய ஏடிஎம் கார்டு கனம். பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஒன்று அசல் கருங்காலி. கரியாலூர்க்காரர் சின்னராசு என்பவர் மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த உடைந்த உலக்கையில் அறுத்தது. இன்னொன்று ஏதோ மட்ட மரத்தைக் கறுப்புச் சாயத்தில் ஊறப்போட்டு, கருங்காலி என்று சத்தியம் செய்து எவனோ ஒரு வியாபாரி பேனாப் பட்டறையின் தலையில் கட்டிவிட்டுப் போனது.

தேவிப்ரியா அரை மணி நேரமாக இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை அவளுக்கு நிச்சயதார்த்தம். லக்கினப் பத்திரிகை எழுதப்போகிற பேனாவை அவளே செய்து தர வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள். உலக்கைப் பட்டையை வைத்தால் பத்திரிகை நல்லபடியாக எழுதி முடியும். சாயப் பட்டையை வைத்தால் முடியாது. அவளுக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம்.

கள்ளக்குறிச்சியில் மரம் செதுக்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையாரும் யானையும் செதுக்குகிற பட்டறைகளுக்கு நடுவே பகலவன் என்கிற ஒருத்தன் மட்டும் பேனா கடைகிற சின்ன மெஷினை வாங்கிப் போட்டான். பத்து ரூபாய்க்குப் பேனா கிடைக்கிற ஊரில் ஐந்நூறு ரூபாய்க்கு விற்கப் போகிறானாம் என்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே இப்போது இங்கிருந்துதான் பேனா போகிறது. அந்த மெஷினில் நான்கு வருஷமாக நிற்பது தேவிப்ரியா. சங்கராபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிற கிராமத்திலிருந்து தினம் பஸ் பிடித்து வந்துவிடுவாள்.

ஒரே மரத்தில் கடைந்த பேனாவை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டையைக் குறுக்கே அறுத்து, நடுவில் வேறு நிறத்தில் மெல்லிசாக ஒரு பட்டையைச் செருகி ஒட்டி, மறுபடி ஒன்றாக்கிக் கடைந்தால் கண் அந்தப் பட்டையில் போய் நிற்கும். எந்த மரத்துக்கு எந்தப் பட்டை என்பதில்தான் சூட்சுமமே. பித்தளை பார்க்க ராஜா மாதிரி இருக்கும். துளை போடும்போது சூடேறிப் பசையை விட்டுவிட்டு, கட்டை வெடித்து முகத்துக்கு வரும். கூல்டிரிங்ஸ் டின் தகட்டுக்குச் செலவே இல்லை. உப்புத்தாள் போட்டதும் அதன் தூள் வெள்ளை மரத்தில் இறங்கிச் சாம்பல் பூசிவிடும். இதையெல்லாம் யாரும் அவளை உட்காரவைத்துச் சொல்லவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டாள். கெட்ட ஒவ்வொரு கட்டைக்கும் பகலவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சாயப் பட்டையின் யோக்கியதையும் அப்படித் தெரிந்ததுதான். மார்கழியில் ஒரு வாத்தியார் வாங்கிப்போன பேனா இரண்டே நாளில் திரும்பி வந்தது. கூடவே அவருடைய வெள்ளைச் சட்டையும் வந்தது. பாக்கெட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. மேலே பூசிய பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போய், வியர்வை பட்டதும் பட்டை சாயத்தைக் கக்கியிருந்தது. பகலவன் மிச்சப் பட்டைகளை ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, "இதுல எவனாவது கைய வெச்சீங்க, ஒடைச்சிடுவேன்" என்று சொல்லி அலமாரியின் உச்சியில் தூக்கிப் போட்டான். நிச்சயத்துக்கு முந்தின நாள் காலை ஸ்டூல் போட்டு ஏறி அந்த டப்பாவை எடுத்தது தேவிப்ரியாதான்.

அவள் அப்பா காசிநாதன் மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு போடுகிறவர். நான்கு ஏக்கர், நாணயமான ஆள், வாயிலிருந்து வந்த வார்த்தையை எந்தக் காலத்திலும் திரும்ப வாங்காதவர் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவது குடும்பத்தில் மற்றவர்களின் வேலை. எலவனாசூர்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் அரை மணி நேரத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை பிரவீன்குமார் ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பேசியதெல்லாம் மாப்பிள்ளையின் பெரியப்பா ராமசாமி. உளுந்தூர்பேட்டையில் பத்திரம் எழுதுகிறவர். பூதாகரமான உடம்பு, தோளில் வியர்வை துடைக்க ஒரு துண்டு, கழுத்தில் கருங்காலி மாலை. கருங்காலி போடாதவனை மனுஷனாகவே மதிக்காத காலம் இது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"பொண்ணு பேனா செய்யுதாமே! அது செஞ்ச பேனாலயே பத்திரிகைய எழுதிடலாம். கருங்காலில ஒரு பட்ட வெச்சிடும்மா, திஷ்டி படாது" என்றார் ராமசாமி. சகுனத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "எங்க பெரியவனுக்கு மொதல்ல பாத்த எடத்துல தட்டு மாத்தும்போது வெளக்கு அணைஞ்சிது. காபி கூட குடிக்கல. அப்டியே எழுந்து வந்துட்டோம்" என்று பெருமையாகச் சொன்னார். தேவிப்ரியா அதை மனதில் வாங்கிக்கொண்டது அப்போது யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

நான்கு நாள் கழித்து பிரவீன்குமார் போன் செய்தான்.

"இன்னா தேவி, கடைசி பேனா எப்டி வருது?"

"கடைசியா?"

"ஆமா. கல்யாணத்துக்கு அப்பறம் எங்க வூட்டுப் பொம்பளைங்க மெஷின்ல நிக்கிற வழக்கமில்ல. பெரியப்பா ஒங்க அப்பாண்ட பேசிட்டாரே. அவரும் சரின்னுட்டாரு. ஒனக்குத் தெரியாதா?"

அவன் கெட்டவன் இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னான். ஆடு வாங்குகிறவன் ஆட்டிடம் விலை கேட்பதில்லை, அவ்வளவுதான். தேவிப்ரியா போனை வைத்தாள். அம்மா அம்சவள்ளியிடம் போய் வேண்டாம் என்றாள். "என்னாண்ட சொன்னத அவராண்ட சொல்லிடாத. வாக்குக் குடுத்துட்டாரு. ஊர்ல தல நிமுந்து நடக்கற மனுசன்" என்று அம்மா அழுதாள். அழுகிறவளிடம் எவ்வளவு நேரம் வாதாடுவது? அப்பாவிடம் போய் நின்றபோது அவர் மில்லின் கரும்பு கட்டிங் ஆர்டர் பற்றி யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டாள். அதன்பிறகு போகவில்லை. பயம்தான், வேறென்ன.

லக்கினப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். அதில் கறுப்பு மையில் எழுதவே மாட்டார்கள். அந்தத் தாளில் ராமசாமியின் கையாலேயே கறுப்பு இழுகினால்? அவர் காபி குடிக்காமல் எழுந்துவிடுவார். யாரும் யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை.

தேவிப்ரியா உலக்கைப் பட்டையை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

கெட்ட பேனா செய்வதற்கு நல்ல பேனாவைப் போல இரண்டு மடங்கு வேலை பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மஞ்சக்கடம்புக் கட்டையை எடுத்தாள். மஞ்சள் நிறம், கல்யாணத்துக்கு ஏற்றது. எழுதும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எங்கே பிடிக்குமோ, சரியாக அந்த இடத்தில் குறுக்கே அறுத்தாள். சாயப் பட்டையைச் செருகி, சூப்பர் குளூ விட்டு இறுக்கினாள். துளை போட்டு பித்தளைக் குழலை உள்ளே இறக்கி மெஷினில் ஏற்றினாள். உப்புத்தாள் போட்டால் சாயத்தூள் மஞ்சளில் இறங்கி இப்போதே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் உளியை மூன்று முறை தீட்டி, உப்புத்தாளே தேவைப்படாத அளவுக்கு வழவழவென்று சீவினாள். பட்டையின்மேல் மட்டும் மெல்லிய டேப்பைச் சுற்றி மறைத்துவிட்டு, மஞ்சள் மரத்துக்கு ஆறு கோட்டிங் கொடுத்தாள். டேப்பை உரித்தபோது மரம் கண்ணாடியாக மின்னியது. பட்டை மட்டும் பூச்சில்லாமல், மங்கலாக, வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

கட்டைவிரலில் எச்சில் தொட்டு ஒரு தரம் வைத்துப் பார்த்தாள். விரல் கறுத்தது. சந்தோஷம் வரவில்லை. நான்கு வருஷத்தில் அவள் கையிலிருந்து தெரிந்தே ஒரு குறை வெளியே போனதில்லை.

"முடிச்சிட்டியா?" பின்னால் பகலவன் நின்றான். அவள் பதில் சொல்வதற்குள் பேனாவை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். அவன் கையில் எப்போதும் மரத்தூள், காய்ந்த கை. இருந்தாலும் தேவிப்ரியா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இணைப்பை நகத்தால் வருடிப் பார்த்தான்.

"எந்தப் பட்ட இது?"

"உலக்கைதுண்ணே."

"கறுப்பு மட்டும் டல்லா கீதே?"

"வூட்டுக்குப் போறதுக்குள்ள காயாதுன்னு வுட்டுட்டேண்ணே. காலைல வூட்லயே ஒரு கோட்டிங் குடுத்துக்கறேன்."

அவன் இன்னும் கொஞ்சம் பார்த்தான். பிறகு பேனாவை அவள் கையில் கொடுத்தான். "ஜாயிண்ட்டே தெரியல. கல்யாணப் பொண்ணு, கை நடுங்கும்னு நெனைச்சேன்." வாசல்வரை போனவன் திரும்பினான். "கல்யாணம் முடிஞ்சி வருவ இல்ல? தீபாவளிக்கு எரநூறு பேனா கேட்டுக்கீறாங்க." அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று அவனுக்கு விளங்கியிருக்காது.

சாயங்காலம் வீட்டில் காசிநாதன் பேனாவைக் கையில் வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் செய்த பேனா ஒன்றை அவர் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "இத நீயேவா செஞ்ச?" என்றார். குரலில் நிஜமான ஆச்சரியம். அந்த ஆச்சரியம் அவளுக்குச் சுட்டது. நான்கு வருஷமாக மகள் எங்கே போய் என்ன செய்துகொண்டு வருகிறாள் என்று நினைத்திருந்தாராம்?

"அப்பா, எழுதிப் பாக்காத. நாளைக்குத்தான் மொத எழுத்து எழுதணும்."

"சரி சரி. இந்தக் கறுப்பு ஏன் மங்கலா கீது?"

"கருங்காலின்னா அப்டித்தாம்பா."

அவர் பேனாவைப் பெட்டியில் போட்டுச் சாமி அலமாரியில் வைத்தார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கல்யாணப் பெண் அப்படித்தான் இருப்பாள் என்று அத்தை பச்சையம்மாள் சிரித்தாள்.

விடிந்ததும் காசிநாதன் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பூ வாங்கிவரப் போய்விட்டார். எட்டரைக்குத்தான் திரும்பினார். வீடு நிறையச் சொந்தம். வாசலில் பந்தல், பின்கட்டில் அறுபது பேருக்குச் சமையல். பச்சையம்மாள் அவளுக்குத் தலை பின்னியபடியே உலக நடப்பு பேசினாள்.

"எங்க ஊர்ல ஒருத்தி இருக்கா. நிச்சயத்தன்னிக்கி ஆரத்தித் தட்டு கவுந்துடுச்சி. மாப்ள வூட்டுக்காரன் போய்ட்டான். பதினோரு வருசம் ஆவுது, ராசியில்லாதவன்னு ஒருத்தனும் வாசப்படி மெதிக்கல. அவங்கப்பன் கவலையிலயே படுத்த படுக்கையாயிட்டான். பாவம், தட்டு கவுந்ததுக்கு அந்தாளு இன்னா பண்ணுவான்?"

பாதிப் பின்னலோடு தேவிப்ரியா சட்டென்று திரும்பினாள். தனக்கு ராசியில்லாதவள் என்று பெயர் வருவதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அதுவே ஒரு வகையில் வசதி. அப்பாவை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. கறை தாளில் விழும், எல்லோரும் எழுந்து போவார்கள், அவர் மட்டும் காரணம் தெரியாமல் நடுவீட்டில் நிற்பார். பேனாவை எடுத்து மறைத்துவிடலாமா என்று எழுந்தாள். சாமி அலமாரி காலியாக இருந்தது. பெட்டி ஏற்கெனவே வெற்றிலைத் தட்டில் ஏறி, நடுக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தது. வாசலில் வேன் வந்து நின்றது.

பத்தரைக்கு மேல் நல்ல நேரம். ஜமக்காளத்தில் ராமசாமி நடுநாயகமாக உட்கார்ந்தார். வைகாசி வெயில், அத்தனை கூட்டத்துக்கு ஒரே மின்விசிறி. அவர் நெற்றியிலிருந்து வழிந்தது கழுத்துக்கு வந்து கருங்காலி மாலையை நனைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார், கையைத் துடைக்கவில்லை. மடியில் பலகை, பலகைமேல் மஞ்சள் தடவிய தாள். பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்து, "அடேங்கப்பா!" என்று கூட்டத்துக்குக் காட்டினார். பேனாவைத் திருகினார். முனை வெளியே வந்தது.

தேவிப்ரியா எதிரே பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை அவருடைய கட்டைவிரலை விட்டு நகரவில்லை. தடித்த விரல், ஈரத்தில் பளபளக்கிறது. அது நேராகப் பட்டையின்மேல் உட்கார்ந்தது. பத்திர எழுத்துக்காரரின் பிடி, உடும்புப் பிடி.

பிள்ளையார் சுழி போட்டார். 'நிகழும் மங்களகரமான' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஒரு வரி முடிந்தது. இரண்டாம் வரி. மாப்பிள்ளையின் தாத்தா பெயர், அப்பா பெயர். அவர் கையைத் தாளின்மேல் ஊன்றி நகர்த்தும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய்விட்டு வந்தது. இதோ, இந்த வரியில். இல்லை, அடுத்ததில். மூன்றாம் வரி, நான்காம் வரி. தாள் பளிச்சென்று இருந்தது. நீல எழுத்து முத்து முத்தாக விழுந்துகொண்டே போனது.

அவர் யோசிப்பதற்காகப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். வாசல் வெளிச்சம் அதில் பட்டது. கறுப்புப் பட்டை மின்னியது.

அவள் அதை மங்கலாக விட்டிருந்தாள். மின்னுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. யாரோ அதன்மேல் பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் கை தேர்ந்தவர்கள் கொடுத்த பூச்சு. கள்ளக்குறிச்சிக்குப் போய் வந்தால்தான் உண்டு. யார் போனது?

"ஆவணி மாசம் பன்னெண்டாம் தேதி" என்று சொல்லி முற்றுப்புள்ளி வைத்தார் ராமசாமி. தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவையும் பலகையையும் காசிநாதன் பக்கம் நகர்த்தினார். "சம்பந்தி, போடுங்க."

காசிநாதன் பேனாவை எடுத்தார். அப்போதுதான் தேவிப்ரியா பார்த்தாள். அப்பாவின் வலது கட்டைவிரலில், ரேகை ரேகையாக, நகக்கண் வரைக்கும் கறுப்பு. தேய்த்துத் தேய்த்துக் கழுவி, தோல் சிவந்தும் போகாத கறுப்பு. அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். விரலை உள்ளங்கைக்குள் மடக்கினார்.

அவருக்குத் தெரியும். எழுதிப் பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டு, விடியற்காலையில் ஓடிப்போய் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மகளின் வாயை அடைத்த மாதிரிதான் அது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்பா, கையெழுத்துப் போடாத."

சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது. பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இன்னாம்மா?" என்றார் ராமசாமி.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாங்க. நான் பேனா செய்யறத வுட மாட்டேன்."

அம்சவள்ளி "ஐயோ" என்று வாயில் புடவையை வைத்துக்கொண்டாள். பிரவீன்குமார் முகம் வெளுத்துப்போய் எழுந்து நின்றான். "மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல? இத்தினி பேர் முன்னாடியா?"

"நீங்க கேக்கல. யாருமே கேக்கல. தப்புதான், நானாச்சும் சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன்."

"யோவ் காசிநாதா!" ராமசாமியின் குரல் பந்தலைத் தாண்டிப் போனது. "பொண்ண உள்ள அனுப்பிட்டுக் கையெழுத்தப் போடு. வாக்குக் குடுத்தவன் நீயி. பொட்டப்புள்ள பேச்சக் கேட்டுக்கினு எழுந்து போறதுக்கா நாங்க வேன் வெச்சி வந்தோம்?"

எல்லோரும் காசிநாதனைப் பார்த்தார்கள். அவர் பேனாவைப் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவிப்ரியாவுக்கு அவரைத் தெரியும். போட்டுவிடுவார். வார்த்தையைத் திரும்ப வாங்காத மனுஷன். போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்து, போ உள்ளே என்பார். பேனா முனை தாளில் இறங்கியது. புள்ளி வைத்த மாதிரி அங்கேயே நின்றது.

பிறகு அவர் அதைத் தட்டில் வைத்தார். மடக்கிய விரலை விரித்தார்.

"நேத்தே எனக்குத் தெரியுங்க" என்றார் மெதுவாக. "எழுதிப் பாக்காதன்னு பொண்ணு சொல்லிச்சி. ஆச, எழுதிப் பாத்தேன். கையெல்லாம் கறுப்பு. காலைல பட்டறைக்கு எடுத்துக்கினு ஓடுனேன். பொண்ணு தெரியாம பண்ணிடுச்சி, சரி பண்ணிக் குடு தம்பின்னேன். அந்தத் தம்பி பட்டைய நகத்தால வருடிப் பாத்தான். 'ஐயா, இந்தக் கை தெரியாம எதுவும் செய்யாது'ன்னான். அப்பவே எனக்கு வெளங்கிடுச்சி. வெளங்கியும், மேல பூசுன்னு அதட்டி வாங்கியாந்தேன். ஊரக் கூட்டியாச்சேன்னு வாங்கியாந்தேன். பொண்ணு மேல தப்பில்லங்க. வாக்குக் குடுத்தது நான், தவறுறதும் நான். மன்னிச்சிடுங்க."

ராமசாமி தாளை இழுத்து நான்காகக் கிழித்தார். பத்திரம் எழுதுகிறவர் கிழிப்பதும் நேர்த்தியாகத்தான் இருந்தது. சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னார். காசிநாதனின் அப்பன் பாட்டன் வரைக்கும் போனார். காசிநாதன் கை கட்டி நின்று கேட்டுக்கொண்டார். கோபத்தில் மேல்துண்டை உதறிவிட்டு எலவனாசூர்கோட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். பிரவீன்குமார் கடைசியாகப் போனான். அவளை ஒரு தரம் பார்த்தான், ஏதோ கேட்க வந்தவன் கேட்காமலே போனான்.

காசிநாதன் தெருவுக்கு வந்து, வேனைப் பார்த்துக் கை கூப்பியபடி நின்றார். எதிர்வீட்டு வாசலிலும் பக்கத்து வீட்டு மாடியிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஊரில் தலை நிமிர்ந்து நடந்த மனுஷன், வெயிலில், தலை குனிந்து. வேன் டிரைவர் வேண்டுமென்றே நிதானமாகத் திருப்பினான்.

தேவிப்ரியாவால் உள்ளே நிற்க முடியவில்லை. பட்டுப்புடவையோடு இறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். அவளும் கை கூப்பினாள். வேன் கரும்புக் காட்டு வளைவில் மறைந்தது.

"நீ கைய எறக்கு" என்றார் காசிநாதன், அவளைப் பார்க்காமலே. "கேக்காம வாக்குக் குடுத்தவன் நான்தான கும்புடணும்."